ஆசாமி சிக்கினான், பிரமுகர் ஆஜரானார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல இளைஞர்கள் ஏன் தடம் மாறுறாங்கன்னு ஒரு முழுப்பக்க கட்டுரை போட்டிருந்தீங்க, ரெண்டு தடவ படிச்சேன். மோசம்னு சொல்ல வரல, எழுதினவங்க நல்லாவே உழைச்சிருக்காங்க. வீட்டுல கண்டிப்பு இல்ல, கூடாத சகவாசம், செல்போன், வேலை கிடைக்காத விரக்தின்னு காரணத்த வரிசையா அடுக்கியிருந்தாங்க. ஆனா அத்தனையும் ஒரே கேள்விக்கான பதில்தான், அவன் ஏன் அப்படிப் பண்ணான்? சமூகவியல்ல இன்னொரு கூட்டம் இருக்கு, அவங்க ரொம்ப வருஷமா வேற கேள்வி கேட்டுக்கிட்டு இருக்காங்க. அவன் பண்ணது தப்புன்னு முடிவு பண்ணது யாரு, முடிவு பண்ற இடத்துல அவங்க எப்படி போய் உக்காந்தாங்க, அந்த நேரத்துல வேற எந்தத் தப்பு யார் கண்ணுலயும் படாம நழுவிப் போச்சு? இந்தப் பக்கத்தப் பத்தி கட்டுரையில ஒரு வரி கூட இல்ல, அதனாலதான் எழுதுறேன். கொஞ்சம் நீளமாப் போகும், வெட்டுறதுன்னா வெட்டிக்குங்க, ஆனா கடைசிப் பத்திய மட்டும் தயவுசெஞ்சு விட்டுடுங்க.

அதே ஞாயித்துக்கிழமை பேப்பர்லயே ரெண்டு செய்தி இருந்துச்சு. உள்பக்கத்துல செல்போன் பறிச்ச ஒருத்தர் மாட்டிக்கிட்ட செய்தி, "கைவரிசை காட்டிய ஆசாமி சிக்கினான்". வணிகப் பக்கத்துல கோடிக்கணக்குல கணக்கு காட்டாத ஒருத்தர் பத்தின செய்தி, "தொழிலதிபர் விசாரணைக்கு ஆஜரானார்". ரெண்டு பேர் மேலயும் அப்போ குற்றம் நிரூபணம் ஆகல. ஆனா ஒருத்தன் "சிக்கினான்", இன்னொருத்தர் "ஆஜரானார்". ஒருத்தன் பண்ணது "கைவரிசை", இன்னொருத்தர் கம்பெனில நடந்தது "முறைகேடு". கவனிங்க, முறைகேடு தானா "நடக்குது", மழை பெய்யிற மாதிரி, அத யாரும் பண்ற மாதிரியே தெரியல. இங்கிலீஷ்காரனுக்கு இந்த வசதி கிடையாது, அவன் ரெண்டு பேருக்கும் ஒரே "ஹி"தான் போட்டாகணும். நம்ம மொழியில வினைமுற்றோட வாலுலயே தீர்ப்ப எழுதிடலாம். கோர்ட்டு கூடறதுக்கு முன்னாடியே ஆன் விகுதி ஒருத்தன உள்ள தள்ளிடுது, ஆர் விகுதி இன்னொருத்தருக்கு நாற்காலி போட்டுடுது.

நான் சொல்ற அந்தக் கூட்டத்தோட அடிப்படைக் கருத்தும் கிட்டத்தட்ட இதுதான். ஹோவர்ட் பெக்கர்னு ஒரு அமெரிக்க சமூகவியலாளர், ஆளு ஜாஸ் பியானோவும் வாசிச்சவரு, நைட் கிளப்புல கூட வாசிச்சவங்களையும் கஞ்சா பிடிக்கிறவங்களையும் கிட்ட இருந்து பாத்து ஆராய்ச்சி பண்ணவரு. அவர் 1963ல சொன்னது என்னன்னா, பிறழ்வுங்கிறது, அதாவது ஊரு ஒத்துக்கிட்ட வழிய விட்டு விலகுறது, செயலுக்குள்ள இருக்கிற குணம் இல்ல, மத்தவங்க ஒரு விதிய எடுத்து ஒருத்தர் மேல பிரயோகம் பண்றதோட விளைவு. முத்திரை வெற்றிகரமா யார் மேல குத்தப்பட்டுதோ அவர்தான் பிறழ்ந்தவர். அதுக்கும் முன்னாடி 1951லயே எட்வின் லெமர்ட்னு இன்னொரு சமூகவியலாளர் ரெண்டு கட்டமாப் பிரிச்சிருந்தாரு, முதல்ல ஏதோ ஒண்ணு நடக்குது, எல்லார் வாழ்க்கையிலயும் நடக்கிறதுதான், அத ஊரு பெருசாக்கி பேரு வெச்சதுக்கப்புறம் அந்தப் பேருக்குத் தகுந்த மாதிரி ஆளே மாறிப்போறது ரெண்டாவது கட்டம். ஆனா இவங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒரு குறை இருந்துச்சு, முத்திரை குத்துற கைய காட்டினாங்க, அந்தக் கை யாரோட உடம்புல ஒட்டியிருக்குன்னு முழுசா சொல்லல. அத சொல்ல வந்தவங்களத்தான் விமர்சனக் கோட்பாட்டாளர்கள்னு சொல்றோம். மார்க்ஸ் வழி வந்தவங்க, மோதல் கோட்பாட்டுக்காரங்க, பெண்ணியவாதிகள்னு அதுக்குள்ளயே நாலஞ்சு பங்காளிச் சண்டை இருக்கு, அதுக்குள்ள போனா கடிதம் தாங்காது.

தத்துவமா சொன்னா பிடிபடாது, ஒரு சம்பவம் சொல்றேன். ரோட்ட கண்ட இடத்துல கடக்கிறவங்கள இங்கிலீஷ்ல ஜே வாக்கர்னு சொல்வாங்க. "ஜே"ன்னா அந்தக்கால அமெரிக்கப் பேச்சுல ஒண்ணும் தெரியாத பட்டிக்காட்டான்னு அர்த்தம். நூறு வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் தெருங்கிறது நடக்கிறவங்களுக்கும் வண்டிக்கும் விளையாடுற புள்ளைங்களுக்கும் பொதுவானதா இருந்துச்சு, அதுக்குள்ள கார் வந்து ஆளுங்கள அடிச்சுப் போட ஆரம்பிச்சப்போ ஜனங்க கோவம் முழுக்க கார் ஓட்டுறவங்க மேலதான் இருந்துச்சு. 1923ல சின்சினாட்டி நகரத்துல 42,000 பேர் கையெழுத்து போட்டு, மணிக்கு 25 மைலுக்கு மேல போகாத மாதிரி ஒவ்வொரு கார்லயும் ஒரு கருவி மாட்டணும்னு மனு குடுத்தாங்க. கார் கம்பெனிகளும் வியாபாரிகளும் அரண்டு போய் எதிர்ப்பிரச்சாரம் பண்ணி வாக்கெடுப்புல அத தோக்கடிச்சாங்க. அதோட விடல. தப்பு பண்றது கார் இல்ல, நடக்கத் தெரியாத நீதான்னு கதையவே திருப்பிப் போட்டாங்க. குறுக்க போறவங்க கையில சாரணர் பசங்கள விட்டு அட்டை குடுக்க வெச்சு, நாலு பேர் முன்னாடி வெக்கப்பட வெச்சாங்க. 1925ல லாஸ் ஏஞ்சலீஸ்ல சட்டமே வந்துச்சு, அப்புறம் அது நாடு முழுக்க மாதிரிச் சட்டமாச்சு. நடக்கிறவன் நேத்து எப்படி நடந்தானோ அப்படியேதான் இன்னைக்கும் நடக்கிறான், நேத்து அவன் பாதிக்கப்பட்டவன், இன்னைக்கு குற்றவாளி. நடுவுல அவன் மனசுல ஒரு மாற்றமும் வரல, அவன் குடும்பமும் கெட்டுப் போகல, சகவாசமும் மாறல. உங்க கட்டுரையில சொன்ன எந்தக் காரணத்த வெச்சும் இத விளக்க முடியாதுங்க.

இதுக்கு நேர் எதிர் திசையிலயும் நடந்திருக்கு. ஒருபால் ஈர்ப்ப மனநோய்ப் பட்டியல்ல வெச்சிருந்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973 டிசம்பர்ல அத எடுத்துடலாம்னு முடிவு பண்ணுச்சு. ஒரு மாத்திரை இல்ல, ஒரு ஊசி இல்ல, ஒரு கூட்டத்துல லட்சக்கணக்கான பேருக்கு வியாதி குணமாயிடுச்சு.

இப்போ என் கதைக்கு வரேன். நான் 26 வருஷம் கம்பெனிகள்ல சம்பளக் கணக்கு எழுதினவன். வேலைக்குச் சேந்த புதுசுல இருந்த ஒரு கம்பெனில, பேரு வேண்டாம், ஒயர் வெட்டினது போக மிஞ்சுற துண்டுங்கள ஆளுங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போவாங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, சூப்பர்வைசரே எடுத்துட்டுப் போவாரு, குப்பைக்குப் போற சாமான்தானேன்னு இருந்துச்சு. அப்புறம் தாமிரத்துக்கு நல்ல விலை வந்துச்சு, மேல ஆள் மாறுனாங்க, கழிவ மொத்தமா எடுக்க ஒருத்தருக்கு கான்ட்ராக்ட் குடுத்தாங்க. அடுத்த மாசமே கேட்ல செக்கிங். ஒரு ஹெல்பர் பையன், இருபது வயசு இருக்கும், பைக்குள்ள கைப்பிடி ஒயர் துண்டோட மாட்டினான். அவன் ஒளிச்சுக் கூட வெக்கல, பை ஜிப்பே போடல, எப்பவும் கொண்டு போற மாதிரி கொண்டு போயிருக்கான். போலீஸ் வந்துச்சு. அவன் கார்டுல "திருட்டு காரணமாக பணிநீக்கம்"னு எழுதச் சொன்னாங்க, எழுதினது நான்தான், கையெழுத்து இன்னும் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, ஏன்னா "திருட்டு"ங்கிற வார்த்தைய ரெண்டு தடவ அழுத்தி எழுதினேன், பேனா சரியா எழுதல.

அதே மாசம் அதே மேஜையில இன்னொரு வேலையும் பண்ணேன். ஓவர்டைம் அரைமணிக்குக் கம்மியா இருந்தா சைபர்னு ரவுண்டு பண்ணிடுன்னு வாய்மொழி உத்தரவு. ஷிப்ட் முடிஞ்சு மெஷின் துடைச்சு ஒப்படைக்க எப்படியும் 20 நிமிஷம் ஆகும், அது கணக்குலயே வராது. 200 பேருக்கு 20 நிமிஷம்னா ஒரு நாளைக்கு 66 மணி நேரத்துக்கு மேல. அத லெட்ஜர்ல நான் எழுதின தலைப்பு "அட்ஜஸ்ட்மெண்ட்". எவனும் எங்க முதலாளி பைய செக் பண்ணல. யாராவது கேட்டிருந்தா கூட அது போலீஸ் விவகாரம் ஆகியிருக்காது, தொழிலாளர் ஆபீஸ்ல ஒரு தகராறு, பேசித் தீத்துக்கலாம்னு போயிருக்கும்.

இந்த சமூகவியல் எல்லாம் படிச்சப்புறம்தான் தெரிஞ்சுது, இந்த ஒயர் கதைய ஒரு பத்திரிகை ஆசிரியர் 1842லயே எழுதிட்டாருன்னு. ஒயருக்குப் பதிலா சுள்ளி, அவ்வளவுதான் வித்தியாசம். ஆசிரியர் பேரு கார்ல் மார்க்ஸ், அப்போ வயசு 24. ஜெர்மனியில ரைன் பக்கம் காட்டுல தானா விழுந்த காஞ்ச சுள்ளிய ஏழைங்க பொறுக்கிக்கிறது தலைமுறை தலைமுறையா இருந்த வழக்கம். மரத்துக்கு மார்க்கெட் வந்ததும் காட்டு முதலாளிங்க மாகாண சபையில உக்காந்து, விழுந்த சுள்ளிய எடுக்கிறதும் நிக்கிற மரத்த வெட்டுறதும் ஒரே திருட்டுன்னு சட்டம் கொண்டு வராங்க. அபராதப் பணமும் அரசாங்கத்துக்குப் போகாம காட்டு சொந்தக்காரனுக்கே போகணும்னு கேக்குறாங்க, நஷ்டம் போக லாபம் வேற. பிரஷ்யாவுல 1836ல நடந்த ரெண்டு லட்சம் சொச்சம் வழக்குல ஒன்றரை லட்சம் சுள்ளி மாதிரி காட்டுச் சமாச்சாரம்தானாம். அவ்வளவு பேரும் ஒரே காலத்துல ஒழுக்கம் கெட்டுப் போயிட்டாங்கன்னு சொல்லுவீங்களா? அடுத்த வருஷமே அந்தப் பத்திரிகைய அரசாங்கம் மூடிடுச்சுங்கிறது தனிக்கதை.

அப்போ பெரிய இடத்துத் தப்ப யாருமே எண்ணிப் பாக்கலையான்னு கேட்டா, பாத்தாரு ஒருத்தர். எட்வின் சதர்லாண்ட். 1939ல அமெரிக்க சமூகவியல் சங்கத் தலைவரா இருந்தப்போ மேடையிலயே வெள்ளைக் காலர் குற்றம்னு, அதாவது மரியாதையான பதவியில இருக்கிறவங்க தொழில்லயே பண்ற குற்றத்தப் பத்தி பேசினாரு, 1949ல புத்தகமாப் போட்டாரு. அமெரிக்காவோட 70 பெரிய கம்பெனிகள எடுத்து, அவங்களுக்கு எதிரா வந்த தீர்ப்பு, உத்தரவு எல்லாத்தையும் எண்ணினா 980 வந்துச்சு, சராசரியா கம்பெனிக்கு 14. ஒரு கம்பெனி கூட சுத்தம் இல்ல. ஒரு மனுஷன் மேல 14 இருந்தா உங்க பேப்பர்ல "பிரபல ரவுடி"ன்னு போடுவீங்க. அதுல பெரும்பாலானது கிரிமினல் கோர்ட்டுப் பக்கமே போகல, சிவில் கோர்ட்டு, ஏதோ கமிஷன், இனிமே இப்படிப் பண்ணாதேன்னு ஒரு உத்தரவு. குற்றம் பண்ணாதவங்க இல்ல, குற்றவாளின்னு பேரு வராம தப்பிக்கிற ஏற்பாடு உள்ளவங்க. இன்னொரு கூத்து, அந்தப் புத்தகத்துல கம்பெனி பேரயெல்லாம் எடுத்தாத்தான் போடுவோம்னு பதிப்பாளர் சொல்லிட்டாரு, மானநஷ்ட வழக்கு பயம். பேரோட முழுசா வெளிவந்தது 1983ல, சதர்லாண்ட் செத்து 33 வருஷம் கழிச்சு. முத்திரைய தடுக்கிற சக்திதான் அதிகாரம்ங்கிறதுக்கு இதவிட சாட்சி என்ன வேணும்?

வில்லியம் சேம்பிளிஸ்னு இன்னொரு அமெரிக்க சமூகவியலாளர் 1973ல எழுதினது இத இன்னும் கிட்ட கொண்டு வரும். ஒரே பள்ளிக்கூடத்துல ரெண்டு பசங்க கூட்டம், வசதியான வீட்டுப் பசங்க 8 பேரு, இல்லாத வீட்டுப் பசங்க 6 பேரு. ரெண்டு வருஷம் பாத்திருக்காரு. எட்டு பேரும் கட் அடிப்பாங்க, குடிச்சிட்டு கார் ஓட்டுவாங்க, ரோட்டுல பள்ளம் தோண்டின இடத்துல வெச்சிருக்கிற தடுப்பையும் விளக்கையும் எடுத்துட்டு, வர்ற கார் உள்ள விழுறத மறைஞ்சு நின்னு வேடிக்கை பாப்பாங்க. ரெண்டு வருஷத்துல ஒருத்தர் மேலயும் கேஸ் இல்ல. ஆறு பேர போலீசுக்கு எப்பவும் தெரியும். ஏன்? அந்த எட்டு பேர்கிட்ட கார் இருந்துச்சு, தூரமா போய் தப்பு பண்ணாங்க, இந்த ஆறு பேரு தெருமுனையிலயே நின்னாங்க. போலீஸ் நிறுத்தினா அவங்க சாரி சார்னு பவ்யமா பேசினாங்க, இவங்க மொறைச்சாங்க. அப்புறம் என்னாச்சு தெரியுமா, எட்டுல அநேகமா எல்லாரும் காலேஜ் போய் நல்ல வேலைக்குப் போயிட்டாங்க. ஆறுல ரெண்டு பேரு விளையாட்டுல உதவித்தொகை கிடைச்சு தப்பிச்சாங்க, ரெண்டு பேரு கொலை கேஸ்ல ஜெயிலுக்குப் போனாங்க. என்னைப் பொறுத்தவரைக்கும் அந்த விளையாட்டு விஷயம்தான் முக்கியம், யாரோ அந்த ரெண்டு பேருக்கும் வேற ஒரு பேரு குடுத்திருக்காங்க, அந்தப் பேருக்குத் தகுந்த மாதிரி அவங்க ஆயிட்டாங்க.

சட்டப் புத்தகத்துலயே தராசு சாஞ்சிருக்கிறதும் உண்டு. அமெரிக்காவுல 1986ல போட்ட போதைப்பொருள் சட்டத்துல 5 கிராம் கிராக், அதாவது புகைக்கிற கட்டி கொக்கெய்ன், வெச்சு வித்தா குறைஞ்சபட்சம் 5 வருஷம், அதே 5 வருஷம் வாங்க பவுடர் கொக்கெய்ன்னா 500 கிராம் வேணும். ரெண்டும் ஒரே சரக்குதான், சமைச்சா அது, சமைக்காட்டி இது. கிராக்ல உள்ள போனவங்க பெரும்பாலும் கருப்பின மக்கள். 24 வருஷம் கழிச்சு 2010ல நூத்துக்கு ஒண்ணுங்கிறத பதினெட்டுக்கு ஒண்ணாக் குறைச்சாங்க, சமமாக்க அப்பவும் மனசு வரல. பெண்கள் பக்கம் பாத்தா இன்னும் மோசம். இங்கிலாந்துல பொண்டாட்டிய புருஷன் பலாத்காரம் பண்ணா அது குற்றம்னு மேல் சபை நீதிபதிகள் உறுதியா சொன்னது 1991ல. அதுக்கு முன்னாடி குற்றப் புள்ளிவிவரத்துல அந்த ஆம்பளைங்க அநேகமா யாரும் கிடையாது, ஆனா கொடுமைக்கு ஆளான பொண்ணுங்க வீட்டுக்குள்ள இருந்தாங்க.

இங்க ஒரு ஆளு எந்திரிச்சு, அப்போ திருடனெல்லாம் நல்லவனா, என் செல்போன பறிச்சவனுக்கு மாலை போடவான்னு கேப்பாரு. நியாயமான கேள்விதான், இந்தக் கூட்டத்துல சில பேரு அதுக்கு எடமும் குடுத்தாங்க. எழுபதுகள்ல எழுதின சில பேரு ஒவ்வொரு திருடனையும் புரட்சிக்காரன் ரேஞ்சுக்கு தூக்கி வெச்சாங்க, சுத்த அபத்தம். அத உடைச்சதும் வெளியாள் இல்ல, உள்ளாள்தான். 1973ல புதிய குற்றவியல்னு கொடி பிடிச்ச மூணு பேருல ஒருத்தரான ஜாக் யங், 1984ல ஜான் லீயோட சேந்து, ஏழையோட வீட்ட உடைக்கிறவன் பெரும்பாலும் இன்னொரு ஏழைதான், அந்த வலி நெஜம், அத போலீஸ் கட்டிவிட்ட கதைன்னு சொல்லாதீங்கன்னு எழுதினாரு. அதே மாதிரி இ. பி. தாம்சன்னு ஒரு வரலாற்றாளர், இவரும் இடதுசாரிதான். 1723ல இங்கிலாந்துல மூஞ்சில கரி பூசிக்கிட்டு காட்டுக்குள்ள போறது, மரக்கன்ன வெட்டுறதுன்னு அம்பது குற்றத்துக்கு மேல தூக்குன்னு போட்ட சட்டத்த பக்கம் பக்கமா கிழிச்சவரு, கடைசியில, ஆனாலும் சட்டத்தின் ஆட்சி வேணும், அது ஆளுறவன் கையையும் கொஞ்சம் கட்டுதுன்னு சொல்லி சொந்தக் கூட்டத்துகிட்டயே திட்டு வாங்கினாரு. எனக்கும் அதுல உடன்பாடுதான். ஒரே தெருவுல ஒரே கஷ்டத்துல இருக்கிற ரெண்டு பேருல ஒருத்தன் மட்டும் ஏன் கைய நீட்டுறான்னு அதிகாரத்த மட்டும் வெச்சு சொல்ல முடியாது, அங்க உங்க கட்டுரைக்கு வேலை இருக்கு. நான் கேக்கிறது இதுதான், அந்தக் கேள்வியோட நிறுத்திட்டீங்கன்னா முதலாளி மேஜையில நடக்கிற அட்ஜஸ்ட்மெண்ட் எந்தக் காலத்துலயும் கட்டுரை ஆகாது.

பத்திரிகைக்கு இதுல என்ன பங்குன்னு பிரிட்டன்ல இருந்த பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹாலும் அவர் கூட்டாளிகளும் 1978ல விலாவாரியா எழுதினாங்க. பிரிட்டன்ல 1972 வாக்குல வழிப்பறிக்கு அமெரிக்காவுல இருந்து "மக்கிங்"னு ஒரு வார்த்தைய இறக்குமதி பண்ணி, பழைய குற்றத்துக்குப் புதுச் சட்டை மாட்டி, கருப்பின இளைஞன் மூஞ்சிய அதுக்கு மேல ஒட்டினாங்க. நிருபருங்க கெட்டவங்கன்னு ஹால் சொல்லல. ராத்திரிக்குள்ள செய்தி குடுக்கணும், ஆதாரப்பூர்வமா யாராவது சொல்லணும், அதனால போலீஸ், நீதிபதி, மந்திரின்னு ஏற்கனவே அதிகாரத்துல இருக்கிறவங்க சொல்றதுதான் முதல் விளக்கமா அச்சேறுது, அப்புறம் பேசுறவன் எல்லாம் அந்த விளக்கத்துக்குள்ள நின்னுதான் பேச வேண்டியிருக்கு. உங்க செல்போன் பறிப்புச் செய்தியில பேசினது யாரு, இன்ஸ்பெக்டர் மட்டும். தொழிலதிபர் செய்தியில பேசினது யாரு, அவரோட வக்கீல், கம்பெனி அறிக்கை, பங்குச்சந்தை நிபுணர் ஒருத்தர், எல்லாத்துக்கும் மேல நெஞ்சுவலின்னு ஒரு டாக்டர்.

அதனால ஒரு சின்ன கோரிக்கை. ஒரே ஒரு வாரம், ஏழு நாள், தீர்ப்பு வராத எல்லாருக்கும் ஒரே விகுதி போட்டுப் பாருங்க. எல்லாருக்கும் "ஆர்" போடுங்க, "செல்போனைப் பறித்ததாகக் கூறப்படுபவர் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டார்"னு. அது ரொம்ப மரியாதையா தோணுச்சுன்னா தலைகீழாப் பண்ணுங்க, "வரி ஏய்ப்பில் கைவரிசை காட்டிய ஆசாமி சிக்கினான், பல நாள் திருட்டு அம்பலம்"னு வணிகப் பக்கத்துல போடுங்க. ரெண்டுல எதுக்கு உங்க ஆபீசுக்கு முதல் போன் வருது, பண்ணது யாரு, எந்தப் பதவியில இருந்து பண்ணாங்கன்னு குறிச்சு வெச்சு, அடுத்த ஞாயிறு இணைப்புல அத ஒரு கட்டுரையாப் போடுங்க. நான் காசு குடுத்து நாலு காப்பி வாங்கிக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சம்பளக் கணக்கர் ஒருவர்